பூக்க விட்டது

கேத்தி பாலாடாவில் இருந்துகொண்டு
வீட்டுப் பின்னால் கேரட் விதைக்கிறேன் என்றால்
சிரிக்காமல் என்ன செய்வார்கள்.
கண்ணுக்கெட்டிய சரிவெல்லாம் அதுதான்.
லாரி திரும்பும் வளைவில்
தினம் நாலு விழுந்து கிடக்கும்,
பொறுக்கினால் சாம்பாருக்கு ஆச்சு.

கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கிறாயே
என்றார் லிங்கியக்கா.
அவருக்கு மறந்துவிட்டது,
நான் ஊசி ஆலையில்தான் வேலை பார்க்கிறேன்.

எட்டு மணி நேரம் எண்ணுகிறேன்.
தாளுக்கு இருபத்தைந்து,
காதெல்லாம் ஒரே பக்கம்,
துரு இருந்தால் தள்ளு.
வீட்டுக்கு வந்தும் விரல் நிற்காது,
அரிசியில் கல்லை எண்ணும்,
மழைக்குக் கதவோரம் ஒதுங்கிய
நத்தைகளை எண்ணும்.
எதையாவது ஒன்றை
எண்ணாமல் தூவ வேண்டும் போலிருந்தது.

கேரட் விதை பார்த்திருக்கிறீர்களா?
சீரகத்துக்குத் தம்பி.
உள்ளங்கைக்குக் கனமே தெரியாது.
மணலோடு கலந்து, குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி
ஆறடிக்கு நாலடியில் தூவினேன்.
மேலே மண் போடாதீர்கள்,
போட்ட மாதிரி பாவனை செய்யுங்கள் என்றார் கடைக்காரர்.
பாவனை செய்தேன்.

பதினேழு நாள் ஒன்றுமில்லை.
பதினெட்டாம் நாள் குனிந்தால்
நூல் நூலாய்ப் பச்சை,
எட்டாம் நம்பர் ஊசியில் கோர்க்கலாம்.
கலைத்துவிடு, நெருக்கமாய் விட்டால்
விரலளவுதான் வரும் என்றார்கள்.
வரட்டுமே,
விரலை வைத்துத்தானே பிழைக்கிறோம்.

வந்தவை:
கல்லில் இடித்து இரண்டாய்ப் பிரிந்தது,
கால்மேல் கால் போட்டது,
பக்கத்திலிருந்ததைக் கட்டிக்கொண்டு விட மறுத்தது.

தவசீலனுக்குக் கேரட் கழுவுமிடத்தில் வேலை.
ஒரு மணிக்கு எழுந்து ரப்பர் பூட்ஸ் மாட்டிப் போனால்
உருளும் இயந்திரத்தில் மூட்டை மூட்டையாய்,
விளக்கொளியில், பனித் தண்ணீரில்.
லாரி மேட்டுப்பாளையம் இறங்கிய பின்
நகக்கண்ணெல்லாம் சேறாய்த் திரும்புவார்.
கேரட் பொரியல் என்றால் தட்டைத் தள்ளிவிடுவார்.
என் பாத்திப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

ஜனவரியில் உறைபனி.
பீன்ஸ் ஒரே ராத்திரியில் கறுத்தது.
கேரட் தழை வெள்ளை பூசி நின்று
வெயில் வந்ததும் உதறிக்கொண்டது.
அந்த மாதம் ஆலையில் ஆர்டர் நெருக்கி
இரண்டிரண்டு ஷிஃப்ட்.
கடைசி வரிசையைப் பிடுங்க மறந்தேன்.
மறந்ததுதான்,
பெரிய மனசு ஒன்றுமில்லை.

ஏப்ரலில் அது என் இடுப்பளவு.
தண்டு, கிளை, உச்சியில் வெள்ளைக் குடை,
குடைக்குள் குட்டிக் குடைகள்,
ஒவ்வொன்றிலும் ஊசிக் காதளவு பூக்கள்.
ஒரு பச்சை வண்டு
வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

பல் தேய்த்தபடி வந்து நின்றார் தவசீலன்.
இது என்ன பூ?
கேரட் என்றேன்.
பிரஷ் வாயிலேயே நின்றது.
பதினோரு வருஷம்.
அவர் கைவழி போன லட்சத்தில்
ஒன்றுகூடப் பூத்ததில்லை.
பூக்குமுன் பிடுங்கத்தானே
இந்தப் பள்ளத்தாக்கே விடிகிறது.

எதுவும் சொல்லவில்லை.
துப்பிவிட்டு வந்து இன்னொரு முறை பார்த்தார்.
மறுநாள் செடிக்கு ஒரு குச்சி முட்டு,
மூட்டை கட்டும் சணலில் முடிச்சு.

ஹைப்ரிட் அது,
விதை எடுத்தால் சரியாய் வராது என்றார் கடைக்காரர்.
சரியாய் வரவேண்டுமென்று யார் கேட்டது.
குடை சுருங்கிக் குருவிக்கூடாய்க் கூம்பியது.
கசக்கினேன்,
முள் முளைத்த சீரகம் கைநிறைய.
ஊசி மடிக்கும் கறுப்புத் தாளில் பொதிந்தேன்.
எண்ணவும் செய்தேன், பழக்கதோஷம்.
நானூற்றுப் பன்னிரண்டில் தும்மல் வந்தது.

தூவி இன்றோடு இருபது நாள்.
ஏதோ பச்சை தெரிகிறது,
வரிசையில் இல்லை.
களை என்கிறார் லிங்கியக்கா.
தவசீலன் குத்துக்காலிட்டு
மூக்கை மண்ணருகே கொண்டுபோய்,
இரு, பிடுங்காதே என்கிறார்.